இர்மா பார்த்த பறக்கும் தட்டு

தாயும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு நாற்காலிக் காலை ஒட்டியது.

செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சமையலறை நாற்காலியின் பின்னங்கால் ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருந்தது. மகள் மார்லிஸ் பழைய பசையைச் சுரண்டி எடுத்தாள். அம்மா இர்மா புதுப் பசையைத் தடவினாள். எண்பத்தொரு வயதில் காப்பிக் கோப்பையைப் பிடித்தால் இர்மாவின் கை நடுங்கும். பசைத் தூரிகையைப் பிடித்தால் நடுங்காது. காலைப் பொருத்தி, கிளாம்பு போட்டு முறுக்கியதும், மிச்சப் பசை மூட்டைச் சுற்றி மணி மணியாகப் பிதுங்கியது.

"போதும்மா. நல்லா பிடிச்சிருச்சு."

"பிடிச்சிருச்சுன்னு உன்கிட்ட யார் வந்து சொன்னா? குச்சியை எடு."

விரல் நீளத்தில் இரண்டு பீச் மரத் துண்டுகள். அதே டப்பாவிலிருந்து, அதே தூரிகையால், அதே நேரத்தில் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி இறுக்க வேண்டும். பென்சிலால் தேதி எழுதி ஜன்னல் விளிம்பில் வைக்க வேண்டும். வீட்டில் எதை ஒட்டினாலும் இர்மா இதைச் செய்யாமல் விட்டதில்லை. கிறிஸ்துமஸ் குடில் பொம்மைக் கழுதையின் காது ஒடிந்தபோதும் கழுதைக்கென்று ஒரு குச்சி போட்டாள்.

"ரெண்டு வாரம் கழிச்சு உடைச்சுப் பாரு. நாளைக்கே உடைக்காதே."

"அம்மா, இல்மெனாவில சோதனைக் கூடத்துல முப்பது வருஷமா நான் இந்த வேலையைத்தான் பண்றேன்."

"பண்ற. ஆனா அவசரக்காரங்களோட சேர்ந்து பண்ற. அதான் சொல்றேன்."

மார்லிஸ் கிளம்பும்போது இர்மா வாசல்வரை வந்தாள். "பஸ் நிறுத்தத்துக்கிட்ட அந்தப் பலகையைத் தாண்டித்தானே போவ? அது எத்தனை போல்ட்ல நிக்குதுன்னு பாத்துட்டு போன்ல சொல்லு."

"எதுக்கு?"

"சும்மா. நீ என்ஜினீயர், நான் குடிமகள். ஆர்வம்."

மார்லிஸ் காரை நிறுத்திப் பார்த்தாள். நான்கு. பதின்மூன்று மில்லிமீட்டர் தலை. வீட்டுக்குப் போனதும் போனில் சொன்னாள். "பதிமூணா, சரி," என்றாள் அம்மா. அவர்கள் கடைசியாகப் பேசியது அதுதான். செவ்வாய்க்கிழமை மதியம், அதே சமையலறையில், ஆடாத இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தபடி இர்மா இறந்துபோனாள். பக்கத்து வீட்டு ஏகான்தான் பார்த்தார். ஒட்டிய நாற்காலி கிளாம்போடு எதிரே நின்றது.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜெர்மனியில், துரிங்கியக் காட்டுச் சரிவில் இருக்கிறது இர்மாவின் ஊர் ஹாசல்குரண்ட். அங்கே நல்லது என்று எதுவும் நடந்ததில்லை; கெட்டது நடந்ததை யாரும் பேசுவதில்லை. ஆகவே சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்ட ஒன்றும் இல்லாமல் இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்க ஊர் வரலாற்று நண்பர்கள் சங்கம் மே மாதத்தில் 'அதிசய ஆயுதப் பாதை' என்று ஒன்றைத் திறந்தது. பழைய தச்சுப் பட்டறை இருந்த இடத்தில், பஸ் நிறுத்தத்தை ஒட்டி, இரண்டு இரும்புக் கால்களில் ஒரு பலகை. அதில் ஒரு பெரிய வட்ட விமானம். பக்கத்தில் தலைக்கவசம் போட்ட விமானி, பற்பசை விளம்பரத்துக்கு நிற்பவனைப் போலச் சிரிக்கிறான். கீழே எழுத்து: 'உலகின் முதல் வட்ட விமானம் 1945இல் இங்கே ரகசியமாக உருவாக்கப்பட்டது. நேரில் கண்டவர்: இவ்வூர் இர்மா கெர்லாக்.'

சங்கத் தலைவர் ரைமுண்ட் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர். மார்லிஸின் பள்ளித் தோழர். பலகை வைத்த வாரத்தில் ஊர் உணவகமும் தன் பங்குக்குக் களம் இறங்கியது. எந்தத் துரிங்கியரும் உருண்டையாக மட்டுமே பிடிக்கும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையைத் தட்டையாக அமுக்கி, 'பறக்கும் தட்டு' என்று பெயர் வைத்து விற்றார்கள். பலகையைவிட இர்மாவுக்கு இதில்தான் கோபம் அதிகம் என்று ஊரில் சொன்னார்கள். உண்மை அதுவல்ல.

உண்மையில் இர்மா பார்த்தது இது.

1944 இலையுதிர்காலம். அவளுக்குப் பதினாறு வயது, ஊர்த் தச்சுப் பட்டறையில் வேலை. அலமாரியும் சவப்பெட்டியும் செய்துகொண்டிருந்த பட்டறை, ஒரே வாரத்தில் போர் விமான இறக்கை செய்யும் இடமாக மாறியது. அலுமினியம் தீர்ந்துவிட்டது, ஆகவே மர இறக்கை. எண்ணெய் தீர்ந்துவிட்டது, ஆகவே ஜெட். விமானிகள் தீர்ந்துவிட்டார்கள், ஆகவே நாலு நாள் கிளைடர் ஓட்டிய பதினேழு வயதுப் பையன்களை ஏற்றலாம் என்று திட்டம். எது தீர்ந்ததோ அதற்குப் பதிலாகக் கிடைத்ததற்கெல்லாம் பெர்லினில் வைத்த பெயர் அதிசய ஆயுதம். படம் வரையத் தொடங்கி மூன்றே மாதத்தில் விமானம் பறந்தது. அது பொய்யில்லை. நாலாவது நாள், பெரிய மனிதர்கள் கூடி நின்று பார்க்க, அதன் இறக்கை விளிம்பு பிய்ந்து விமானி செத்தான். அதுவும் பொய்யில்லை. ஆனால் பலகைகளில் முதல் பாதிதான் வரும்.

பசைதான் காரணம். நல்ல பசை செய்த ஆலை மேற்கே குண்டு விழுந்து எரிந்துபோயிருந்தது. பதிலுக்கு வந்த பசையில் அமிலம். ஒட்டிய அன்று இரும்பாகப் பிடிக்கும். பிறகு மெதுவாக மரத்தைத் தின்னத் தொடங்கும்.

பட்டறை மேஸ்திரி அர்னோவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வேலையோடும் ஒரு சோதனைக் குச்சி. இரண்டு வாரம் கழித்து உடைப்பார். மரம் கிழிந்தால் பசை நல்லது. மரம் அப்படியே இருக்க, பசைக் கோட்டில் பிளந்தால் வேலை குப்பைக்கு. நகரத்திலிருந்து வந்த ஆய்வாளர் இதைக் கேட்டுச் சிரித்தார். இரண்டு வாரம் எதற்கு, இருபத்துநாலு மணி நேரத்தில் உடை என்று உத்தரவு. அப்படியே உடைத்தார்கள். எல்லாக் குச்சியிலும் மரம்தான் கிழிந்தது. எல்லா இறக்கைக்கும் முத்திரை விழுந்தது.

இர்மா மட்டும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு குச்சியை உடைக்காமல் எடுத்துவந்து காலுறை டிராயரில் வைத்தாள். பிடிவாதம், அல்லது அர்னோ மேல் இருந்த மரியாதை. பதினைந்தாம் நாள் முதல் குச்சியை எடுத்து முறுக்கினாள். பாலில் தோய்த்த பிஸ்கட் போல இரண்டாக வந்தது. அதை அர்னோவிடம் காட்டினாள். அர்னோ ஆய்வாளரிடம் காட்டினார்.

"ரெண்டு வாரம் வரைக்கும் இந்த விமானம் எங்கய்யா நிக்கப்போகுது?" என்றார் ஆய்வாளர். "அதுக்குள்ள நாம ஜெயிச்சிருப்போம்."

அடுத்த வாரம் அர்னோவைக் கிழக்குப் போர்முனைக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பவில்லை. இர்மாவின் மேசையில் எதிரே நின்று ஒட்டியவள் ஓல்ஹா. உக்ரைனிலிருந்து பிடித்துவரப்பட்ட பதினொரு பெண்களில் ஒருத்தி. அவளும் குச்சியைப் பார்த்தாள். அவளால் சொல்ல முடியாது. இர்மா சொல்லியிருக்கலாம், இன்னொரு முறை, இன்னும் சத்தமாக. சொல்லவில்லை. ஏப்ரலில் அமெரிக்கர்கள் வரும்வரை தடவிக்கொண்டே இருந்தாள். நாற்பத்தொரு இறக்கைகள். அவற்றில் எத்தனை பறந்தன, எந்தப் பையனோடு பறந்தன என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

சரி, தட்டு?

தட்டும் இருந்தது. அந்தப் பக்கத்துச் சில ஊர்களைப் போல ஹாசல்குரண்டிலும் ஊர் நடுவே ஒரு லிண்டன் மரம். அதன் அடிமரத்தைச் சுற்றி ஆளுயரத்தில் பலகை மேடை. ஊர்த் திருவிழாவில் அதன்மேல் ஏறி நடனம். போர் வந்ததும் நடனத்துக்குத் தடை. மேடையை எட்டுத் துண்டாகக் கழற்றிப் பட்டறையில் வைத்தார்கள். இறக்கைச் சட்டங்களை உலர்த்த இடம் போதாதபோது, அந்த எட்டுத் துண்டையும் முற்றத்தில் மரத் தாங்கிகள் மேல் மறுபடி பூட்டி மேசையாக்கினார்கள். வட்டமாக, ஆறு மீட்டர் அகலம், நடுவில் மரத்துக்கான ஓட்டை, விளிம்பில் கைப்பிடிக் கம்பு செருகப் பன்னிரண்டு துளைகள். ஓர் அமெரிக்கச் சிப்பாய் அதைப் படம் பிடித்தான். ஐம்பது ஆண்டு கழித்து அந்தப் படம் ஓர் ஏலத்தில் கிடைத்தபோது, நடு ஓட்டை என்ஜின் அறையாகவும் பன்னிரண்டு துளைகள் ஜெட் குழாய்களாகவும் பதவி உயர்வு பெற்றிருந்தன. இடி தாக்கிய லிண்டன் மரத்தைப் பிறகு வெட்டிவிட்டதால், மேடையை நினைவு வைத்திருக்க மரமும் இல்லை.

1996இல் ஒருவர் அந்தப் படத்தோடு இர்மா வீட்டுக்கு வந்தார். தோல் தொப்பி, ஒலிப்பதிவுக் கருவி, ஏற்கெனவே எழுதிய ஆறு புத்தகங்கள். மார்லிஸ் அன்று அங்கே இருந்தாள். காப்பி ஊற்றியவள் அவள்தான். இர்மா இரண்டு மணி நேரம் பேசினாள். அர்னோ, ஆய்வாளர், ஓல்ஹா, டிராயர், நாற்பத்தொன்று. மகளே அதை முழுதாகக் கேட்டது அன்றுதான். தொப்பிக்காரர் பத்தாவது நிமிடத்தில் கருவியை அணைத்துவிட்டு, மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"கெர்லாக் அம்மா, பசை எல்லாம் சரிதான். அந்த வட்டமான பொருள்?"

"அது ஆடுற மேடைங்க."

"அப்படிச் சொல்லச் சொல்லி உங்ககிட்ட உத்தரவு போட்டாங்களா?"

இர்மா காப்பிக் கோப்பையை நகர்த்திவைத்தாள்.

"ஆமாங்க. இனிமே மறைச்சு என்ன பண்ண. அது ஞாயித்துக்கிழமை தவறாம பறக்கும். சத்திரத்துக்குப் பின்னாடி எறங்கும். விமானி எறங்கி ஒரு பீர் குடிப்பான். திரும்பப் போறப்ப கொடியில காயுற என் பாவாடையையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிடும்."

தொப்பிக்காரர் கருவியை மறுபடி ஓடவிட்டார். "பாவாடை எந்தப் பக்கமா சுத்துச்சு? கடிகாரம் சுத்துற பக்கமா, எதிர்ப்பக்கமா?"

மார்லிஸ் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடினாள். அடுத்த ஆண்டு ஏழாவது புத்தகம் வந்தது. இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில், இர்மா கெர்லாக் என்ற நேரடி சாட்சியின் துணிகளைச் சுழல் காந்தப்புலம் எதிர்ப்பக்கமாக இழுத்த செய்தி இருந்தது. பசை பற்றி ஒரு வரி இல்லை. அப்போதும் இருவரும் சிரித்தார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து அது பஸ் நிறுத்தத்தில் இரும்புக் காலில் வந்து நின்றபோது இர்மா சிரிக்கவில்லை.

மூன்று முறை ரைமுண்டிடம் போனாள். மூன்றாவது முறை மார்லிஸும் கூடப் போனாள்.

"என் பேரை எடு. இல்லைன்னா நடந்ததை எழுது. கெட்ட பசைன்னு தெரிஞ்சே ஒட்டினோம்னு எழுது."

"கெர்லாக் அம்மா, பசையைப் பாக்க யாராவது பஸ் ஏறி வருவாங்களா?"

"அப்போ அந்தத் தட்டு எங்க போச்சுன்னாவது எழுது."

"அமெரிக்காவுக்குக் கொண்டுபோயிட்டாங்க. புத்தகத்துல இருக்கே."

"எங்க அடுப்புக்குள்ள போச்சுடா. நாற்பத்தேழு குளிர்காலத்துல ஏழு வீடு குளிர் காஞ்சோம்."

"நீங்க நக்கல் பண்றதுல கெட்டிக்காரங்க," என்றார் ரைமுண்ட்.

பெரிய இடத்தில் உள்ளதைச் சொல்லி இர்மா தோற்றது அது முதல் முறையல்ல. போருக்குப் பிறகு, கிழக்கு ஜெர்மனி ஆட்சியில், அதே பட்டறை மக்கள் உடைமையான நாற்காலித் தொழிற்சாலையானது. அவள் அங்கே தரச் சோதனை பார்த்தாள். அறுபத்தொன்றில், அக்டோபர் குடியரசு தின விழாவுக்குள் ஆயிரம் பள்ளி பெஞ்சு என்று வாக்குக் கொடுத்திருந்த மேலாளர் முன்னால், ஒரு குச்சியைப் பிளந்து வைத்தாள். இரண்டு ஆண்டு சமையற்கூடத்துக்கு மாற்றினார்கள். பெஞ்சுகள் போயின, உடைந்தும் வந்தன. ஆட்சி மாறினாலும் இருபத்துநாலு மணி நேரம் மாறவில்லை என்பாள். மார்லிஸ் பொறியியல் படிக்கப் போனபோது, எந்தப் பிரிவு என்று இர்மா கேட்கவே இல்லை.

அடக்கம் முடிந்து சத்திரத்தில் காப்பியும், தட்டுத் தட்டாக வெண்ணெய்க் கேக்கும். ரைமுண்ட் எழுந்து கரண்டியால் கோப்பையைத் தட்டினார்.

"நம்ம கடைசி நேரடி சாட்சியை இழந்துட்டோம்," என்றார்.

மார்லிஸ் கேக்கைக் கீழே வைத்தாள். அவர் பேசி முடித்து நேராக அவளிடம் வந்தார். கறுப்புக் கோட்டுப் பைக்குள் அளவுநாடா துருத்திக்கொண்டிருந்தது.

"மார்லிஸ், அம்மாவோட சின்ன வயசுப் படம் ஒண்ணு வேணும். ரெண்டாவது பலகை வைக்கிறோம். அவங்களுக்குன்னே."

"எங்கம்மா பசை தடவினாங்க, ரைமுண்ட்."

"அதையும் போடலாம். கீழே, சின்னதா."

"எதுக்குக் கீழே?"

"தட்டுக்குக் கீழே."

எதிரே உட்கார்ந்திருந்த ஏகான் மாமா தலையைத் தூக்கினார். இர்மாவைவிட ஐந்து வயது இளையவர். "அந்தத் தட்டுல ஒரு துண்டை நான்தான் கோடாலியால பொளந்தேன். அதுலதான் எங்கம்மா உருளைக்கிழங்கு சூப் வச்சாங்க."

"அது வேற தட்டா இருக்கலாமில்ல, ஏகான்?"

"இந்த ஊர்ல எத்தனை தட்டுடா இருந்துச்சு?"

"ஆதாரம் இருக்கா?"

"எரிச்சதுக்கு ஆதாரம் சாம்பல். அதை முட்டைக்கோசுக்குப் போட்டோம். முட்டைக்கோசைத் தின்னுட்டோம். இப்ப என்ன பண்ணட்டும்?"

பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ரைமுண்டும் சிரித்தார். ஆனால் படம் வேண்டும் என்பதை மறக்கவில்லை, போகும்போது நினைவூட்டினார்.

ஒட்டிய நாளிலிருந்து சரியாக இரண்டாவது ஞாயிறு மார்லிஸ் மறுபடி அந்த வீட்டுக்கு வந்தாள். துணிகளைப் பிரிக்க வேண்டும். முதலில் ஜன்னல் விளிம்பிலிருந்து குச்சியை எடுத்தாள். சோதனைக் கூடத்தில் இதற்கு இரண்டு டன் இயந்திரம் இருக்கிறது. இங்கே மேசை விளிம்பில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். மரம் கிழிந்தது, நார் நாராக. பசைக் கோடு அசையவில்லை. பென்சிலை எடுத்துத் தேதிக்குக் கீழே எழுதினாள்: 'பதினாலு நாள். பசை நல்லது.' யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு கிளாம்பைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆடவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அம்மா போனபிறகு அது முதல் முறை.

கதவுக்குப் பின்னால் அம்மாவின் ஏப்ரன் தொங்கியது. துவைக்கப் போடலாம் என்று எடுத்தபோது கனத்தது. இடது பையில் பதின்மூன்று நம்பர் ஸ்பேனர். வலது பையில் ஒரு போல்ட், நட்டோடும் வாஷரோடும். அதற்கடியில் உறைபெட்டியில் இறைச்சி கட்டிவைக்கும் பிளாஸ்டிக் பை; அதற்குள் மழை படாதபடி மடித்த ஒரு தடித்த தாள். நாலு மூலையிலும் துளை. பெரிய எழுத்தில், நடுங்காத கையால்:

'1944–45இல் இங்கே போர் விமான இறக்கைகள் ஒட்டினோம். பசை மரத்தைத் தின்றது. எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒட்டினேன். என்னோடு ஒட்டியவர்கள் உக்ரைன் பெண்கள் பதினொரு பேர்; அவர்களைக் கேட்காமல் கொண்டுவந்தார்கள். வட்டமான பொருள் நடன மேடை. இர்மா கெர்லாக்.'

வாசலில் ஏகான் மாமா கூப்பிட்டார். கையில் முட்டைக் கூடை. வெறுங்கையோடு வந்து கேட்கக் கூச்சம் போல.

"அந்த ஸ்பேனர் இருக்கான்னு பாக்க வந்தேம்மா. அவசரமில்ல. செவ்வாக்கிழமை காலைல உங்கம்மா வாங்கிட்டுப் போனாங்க. பதிமூணு நம்பர்தான் வேணும்னு அடிச்சுச் சொன்னாங்க."

"எதுக்குன்னு சொன்னாங்களா?"

"நாலு நாள் வேலை, ஒரு நாளைக்கு ஒண்ணுன்னாங்க. என்ன, மாத்திரையான்னு கேட்டேன். ஆமா, ஊருக்குன்னு சொன்னாங்க."

மார்லிஸ் போல்ட்டை மேசைமேல் வைத்தாள். புதுப் போல்ட், இறுக்கமான நட். எண்பத்தொரு வயதுக் கைக்கு அதைக் கழற்ற எவ்வளவு விசை வேண்டும் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. பாதியில் நிறுத்தினாள்.

ஏகான் மாமா போல்ட்டைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் தூரத்தில் பிடித்துப் படித்தார். கடைசி வரிக்கு வந்தபோது தலையாட்டினார்.

"கீழ ஒண்ணைத்தான் கழட்டியிருப்பாங்க. மேல எட்டாது," என்றார். "ஆனா ஒத்தையா கழட்டிட்டே போனா, கடைசி போல்ட் வர்றப்ப பலகை தலைமேல விழும். பிடிக்க ஓர் ஆள் வேணும். அதைச் சொல்லியிருந்தா நானே வந்திருப்பேன்."

"ஸ்பேனர் இன்னும் கொஞ்சம் வேணும், ஏகான் மாமா."

"எத்தனை நாளைக்கு?"

மேசைமேல் ஒரு போல்ட் இருந்தது. பலகையில் இன்னும் மூன்று இருந்தன.